ஒரே கேள்வி, இரண்டு சரியான விடை: பல்கலைக்கழகத்தில் இஸ்லாம் பாடத்தை யார் முடிவு செய்வது?

ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் இறந்துபோகிறார். மனைவியும் பெற்றோரும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டார்கள். இருப்பது ஒரே மகளும், இறந்தவரின் தம்பியும் மட்டும்தான். சொத்து 20 லட்சம் ரூபாய். இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கு எவ்வளவு கிடைக்கும்?

குடும்பம் சன்னி என்றால் மகளுக்கு 10 லட்சம். மீதி 10 லட்சம் சித்தப்பாவுக்கு. குடும்பம் ஷியா என்றால் 20 லட்சமும் மகளுக்கே. மகள் இருக்கும்போது சித்தப்பாவுக்குப் பங்கு கிடையாது.

இரண்டு விடையும் சரி. இரண்டையும் இந்திய நீதிமன்றங்கள் ஏற்கின்றன. ஷியாக்களுக்கு ஷியா சட்டம்தான் பொருந்தும் என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1841-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இப்போது இதே கேள்வி ஒரு பல்கலைக்கழகத் தேர்வில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘இஸ்லாத்தில் மகளின் பங்கு என்ன?’ வகுப்பில் சன்னி மாணவர், ஷியா மாணவர் இருவரும் இருக்கிறார்கள். யாருக்கு மார்க்?

கேட்க விளையாட்டாகத் தெரியலாம். ஆனால் இந்தியா, ஜெர்மனி, ஆஸ்திரியா, இந்தோனேசியா என்று பல நாடுகள் இந்தக் கேள்வியோடுதான் போராடிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வழியைப் பிடித்திருக்கிறது. எந்த வழியும் இலவசம் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு விலை இருக்கிறது.

அலிகரில் என்ன நடக்கிறது?

இந்தியாவில் இதற்கு மிகப் பழைய உதாரணம் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம். அங்கே இறையியலுக்குத் தனிப் புலம் உண்டு. அதற்குள் இரண்டு துறைகள்: ஒன்று சன்னி இறையியல் துறை, இன்னொன்று ஷியா இறையியல் துறை. இளநிலை மாணவர்களுக்கான இறையியல் பேப்பரும் இதே போல இரண்டாகப் பிரிந்திருக்கிறது. முஸ்லிம் அல்லாத மாணவர்களுக்கு இந்திய மதங்கள், பண்பாடு பற்றிய பாடம்.

இது போக, இஸ்லாமிய ஆய்வியல் துறை என்று மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அது இறையியல் புலத்தில் இல்லை, சமூக அறிவியல் புலத்தில் இருக்கிறது. இந்த வித்தியாசம் முக்கியம். இறையியல் என்பது ஒரு மதத்தை உள்ளே நின்று படிப்பது: ‘நாம் என்ன நம்புகிறோம், எப்படித் தொழ வேண்டும்’ என்பது அதன் கேள்வி. ஆய்வியல் என்பது கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பது: ‘முஸ்லிம்கள் என்ன நம்பினார்கள், அந்த நம்பிக்கை எப்படி வளர்ந்தது’ என்பது அதன் கேள்வி. இரண்டாவது கேள்விக்கு ஒரே வகுப்பில் பதில் தேடலாம். முதல் கேள்வியில் ‘நாம்’ யார் என்பதே தகராறு.

சர் சையது எடுத்த முடிவு

இந்த ஏற்பாடு இன்று நேற்று வந்ததல்ல. சர் சையது அகமது கான் 1875-ல் அலிகரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1877-ல் அது முஹம்மதன் ஆங்கிலோ-ஓரியன்டல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டும் அளவுக்கு வளர்ந்தது. ஆங்கிலக் கல்வியும் வேண்டும், மதக் கல்வியும் வேண்டும் என்பது அவருடைய திட்டம். ஆனால் சிக்கல் அவரிடமே இருந்தது. குர்ஆனை இயற்கை விதிகளோடு பொருத்திப் பார்த்த அவருடைய கருத்துகளுக்கு எதிராக ஆலிம்கள் பலர் ஃபத்வா கொடுத்திருந்தார்கள். ‘இவர் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறாரோ’ என்று பெற்றோர்கள் பயந்தார்கள்.

அவர் செய்தது நடைமுறைக்கேற்ற ஒரு காரியம். மதப் பாடத்திலிருந்து தானே விலகிக்கொண்டார். சன்னி மாணவர்களின் பாடத்தை சன்னி கமிட்டியும், ஷியா மாணவர்களின் பாடத்தை ஷியா கமிட்டியும் பார்த்துக்கொள்ளும் என்று ஏற்பாடு செய்தார். தன் சொந்தக் கருத்து சிலபஸுக்குள் போகாது என்று உறுதி கொடுத்தார்.

அப்போதும் எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஷியாக்களும் பங்கேற்கும் ஒரு நிறுவனத்தின் கமிட்டியில் சேர முடியாது என்று தேவ்பந்த் ஆலிம்கள் மறுத்தார்கள். பிறகு, தேவ்பந்த் மதரஸாவின் நிறுவனர்களில் ஒருவரான காசிம் நானோத்வியின் மருமகன் அப்துல்லா அன்சாரியே அலிகரில் மதக் கல்விக்குப் பொறுப்பேற்றார். தனித்தனி வகுப்பு என்ற ஏற்பாடு இல்லாமல் இருந்திருந்தால் அது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

வகுப்பறையில் பிரிந்தவர்கள் நிர்வாகத்தில் பிரியவில்லை. 1920-ல் கல்லூரி பல்கலைக்கழகமானபோது முதல் வேந்தர் போபால் பேகம் சுல்தான் ஜஹான், சன்னி. இணைவேந்தர் மூன்றாம் ஆகா கான், இஸ்மாயிலி ஷியாக்களின் இமாம். முதல் துணைவேந்தர் மஹ்மூதாபாத் ராஜா, இவரும் ஷியா. பல்கலைக்கழகத்துக்கு நிதி திரட்டும் இயக்கத்தை முன்னின்று நடத்தியவர் ஆகா கான். மதப் பாடத்தை மட்டும் பிரித்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் சேர்ந்து செய்வது. இதுதான் அலிகர் ஃபார்முலா.

சட்டம் எங்கே குறுக்கே வருகிறது?

1920 சட்டத்தின் 9-வது பிரிவு, முஸ்லிம் மாணவர்களுக்கு மதபோதனையைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்தது. 1950-ல் அரசமைப்புச் சட்டம் வந்ததும் நிலைமை மாறியது.

அரசமைப்புச் சட்டத்தின் 28-வது பிரிவு சொல்வது சிம்பிள். முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மதபோதனை கூடாது. அரசு அங்கீகாரமோ நிதி உதவியோ பெறும் நிறுவனத்தில், மாணவரின் சம்மதம் இல்லாமல் மதபோதனையில் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது. மாணவர் மைனர் என்றால் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். இதற்கு ஏற்ப 1951-ல் நாடாளுமன்றம் அலிகர் சட்டத்தைத் திருத்தி, அந்த 9-வது பிரிவை நீக்கியது. முஸ்லிம் இறையியலைக் கற்பிக்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்திடம் தொடர்ந்து இருக்கிறது. கட்டாயப்படுத்தும் அதிகாரம் போய்விட்டது.

2002-ல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு கோட்டையும் போட்டது. மதங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது வேறு, ஒரு மதத்தின் சடங்கையும் நம்பிக்கையையும் போதிப்பது வேறு; முதலாவதை 28-வது பிரிவு தடுக்கவில்லை என்றது.

அலிகர் சமீபத்தில் தலைப்புச் செய்தியானது வேறு காரணத்துக்காக. சட்டத்தின் மூலம் உருவான பல்கலைக்கழகம் என்பதால் அலிகர் சிறுபான்மை நிறுவனம் ஆகாது என்று 1967-ல் அஜீஸ் பாஷா வழக்கில் சொல்லப்பட்டிருந்தது. 2024 நவம்பர் 8-ம் தேதி ஏழு நீதிபதிகள் அமர்வு, 4-3 என்ற கணக்கில் அந்தக் காரணத்தை நிராகரித்தது. அலிகர் சிறுபான்மை நிறுவனமா என்ற இறுதிக் கேள்வியை வழக்கமான அமர்வுக்கு அனுப்பியது.

அந்த விவாதம் முழுக்க ‘முஸ்லிம்கள்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்தே நடந்தது. நீதிமன்றத்தில் சமூகம் ஒன்றாக நிற்க வேண்டியிருக்கிறது. வகுப்பறைக்குப் போனால் அதே சமூகம் இரண்டு கதவுகள் வழியாக உள்ளே போகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

‘சன்னி’ என்றாலே ஒன்றுதானா?

இரண்டு துறை வைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைத்தால், அதுவும் இல்லை. சன்னி முஸ்லிம்களுக்குள் ஹனஃபி, ஷாஃபி, மாலிகி, ஹன்பலி என்று நான்கு மத்ஹப்கள் உண்டு. வட இந்தியாவில் பெரும்பாலோர் ஹனஃபி. அவர்களுக்குள்ளேயே தேவ்பந்தி, பரேல்வி என்ற பிரிவு உண்டு. மத்ஹபைப் பின்பற்றாத அஹ்லே ஹதீஸ் பிரிவினர் வேறு.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதல்ல. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி மத்ஹப். உள்மாவட்டங்களில் ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபி. அஸ்ர் தொழுகை நேரம் எப்போது தொடங்குகிறது என்பதிலேயே இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. நிழலின் நீளத்தைக் கணக்கிடும் முறை வேறு என்பதால், ஹனஃபி கணக்கில் நேரம் தாமதமாகத் தொடங்கும். ரமலானில் தராவீஹ் 8 ரக்அத்தா 20 ரக்அத்தா என்ற விவாதத்தை ஒரு முறையாவது கேட்காத தமிழ் முஸ்லிம் இளைஞர் இருக்க முடியாது.

இதெல்லாம் சடங்கு விஷயம்தானே என்று விட்டுவிட முடியாது. வயது வந்த ஒரு பெண் தன் திருமணத்தைத் தானே முடிவு செய்துகொள்ளலாம் என்பது ஹனஃபி சட்டத்தின் பிரபலமான நிலை. வலீ எனப்படும் பாதுகாவலர் இல்லாமல் நிக்காஹ் செல்லாது என்பது ஷாஃபி சட்டம். ஒரு கல்லூரி மாணவிக்கு இது தேர்வுக்கான வரி மட்டும் இல்லை. அவளுடைய சொந்த வாழ்க்கை.

கீழக்கரையிலிருந்து ஒரு ஷாஃபி மாணவி வட இந்தியாவில் படிக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் ‘சன்னி’ என்று டிக் செய்வார். சிலபஸ் எழுதியவர் ஹனஃபி சட்டத்தை மட்டும் ‘சன்னி சட்டம்’ என்று எழுதியிருந்தால், அவருடைய வீட்டு வழக்கம் அந்தப் புத்தகத்தில் இருக்காது. பெரும்பான்மை தன்னை ‘பொதுவானது’ என்று நினைத்துக்கொள்வதில் வரும் சிக்கல் இது. மதங்களுக்கு இடையே மட்டுமல்ல, ஒரு மதத்துக்குள்ளும் இது நடக்கும்.

ஒரே புத்தகம் வைத்தால் என்ன ஆகும்?

எல்லோருக்கும் ஒரே புத்தகம் கொடுத்துவிட்டால்? பாகிஸ்தான் பள்ளிகளில் அதைச் செய்து பார்த்தார்கள். 1970-களில் ஷியாக்களின் போராட்டத்துக்குப் பிறகு 9, 10-ம் வகுப்புகளுக்குத் தனி ஷியா பாடம் வந்தது. பின்னர் அது நின்று, பொதுவான இஸ்லாமியப் பாடம் திரும்பியது.

2000-க்குப் பிறகு வடக்கே கில்கித் பகுதியில் இது பெரிய பிரச்சினையானது. அங்கே ஷியாக்கள் எண்ணிக்கையில் அதிகம். தொழுகை முறையைக் காட்டும் படங்கள் சன்னி முறையில் மட்டும் இருப்பதாக அவர்கள் எதிர்த்தார்கள். சன்னிகள் பொதுவாகக் கையைக் கட்டித் தொழுவார்கள். ஷியாக்கள் கையைத் தொங்கவிட்டுத் தொழுவார்கள். வெளியாளுக்குச் சின்ன வித்தியாசம். ஆனால் புத்தகத்தில் இருக்கும் படம் ‘இதுதான் சரி’ என்று பிள்ளைக்குச் சொல்கிறது. வீட்டில் அப்பா வேறு மாதிரி தொழுகிறார். போராட்டம், ஊரடங்கு, பள்ளிகள் மூடல் என்று போனது. 2005 ஜனவரியில் போராட்டத்தை வழிநடத்திய ஷியா மதகுரு ஆகா ஜியாவுதீன் ரிஸ்வி சுட்டுக்கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த வன்முறையில் மேலும் பலர் இறந்தார்கள்.

இது பள்ளிப் புத்தகத்தின் கதைதான். ஆனால் பல்கலைக்கழகம் ஏன் கவலைப்பட வேண்டும் என்பதற்குப் பதில் இதில் இருக்கிறது. அந்தப் பள்ளிப் புத்தகத்தை எழுதுபவரும், வகுப்பில் நடத்தும் ஆசிரியரும் எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள்தான். பக்கத்து வீட்டுக்காரர் எப்படித் தொழுகிறார் என்பது அவர்களுக்கு அங்கே சொல்லிக்கொடுக்கப்பட்டதா, இல்லையா?

ஜெர்மனி: அரசு நடத்தும் இறையியல்

ஐரோப்பாவில் இந்தக் கேள்வியைத் தீவிரமாக எடுத்துக்கொண்ட நாடு ஜெர்மனி. அங்கே அரசுப் பள்ளிகளில் மதப் பாடம் உண்டு. அதன் உள்ளடக்கம் அந்தந்த மத அமைப்பின் கொள்கைப்படி இருக்க வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டம். கத்தோலிக்கர்களுக்கும் புராட்டஸ்டன்ட்களுக்கும் திருச்சபை இருக்கிறது. அரசு யாரிடம் பேச வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை. முஸ்லிம்களுக்குத் திருச்சபை போல ஒரே தலைமை கிடையாது. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள், பல நாடுகளிலிருந்து வந்தவர்கள், பல சங்கங்கள். அரசு யாரைக் கேட்பது?

2010-ல் ஜெர்மனியின் அறிவியல் கவுன்சில் ஒரு வழி சொன்னது. அரசுப் பல்கலைக்கழகங்களில் இஸ்லாமிய இறையியல் மையங்கள் தொடங்கலாம். முஸ்லிம் அமைப்புகளின் பிரதிநிதிகள் கொண்ட ஆலோசனைக் குழு ஒவ்வொன்றிலும் இருக்கட்டும் என்றது. பேராசிரியர் நியமனத்திலும் பாடத்திட்டத்திலும் மத ரீதியான ஒப்புதலை அந்தக் குழு கொடுக்கும். டூபிங்கன், மியூன்ஸ்டர், ஓஸ்னாப்ரூக், ஃபிராங்க்ஃபர்ட், எர்லாங்கன்-நியூரன்பெர்க் என்று மையங்கள் வந்தன.

மியூன்ஸ்டரில் நடந்தது இந்த ஏற்பாட்டின் வலியைக் காட்டுகிறது. அங்கே பேராசிரியராக இருந்த ஸ்வென் காலிஷ், முகமது நபி வரலாற்றில் வாழ்ந்தவர்தானா என்று 2008-ல் சந்தேகம் எழுப்பினார். முஸ்லிம் அமைப்புகளின் கூட்டமைப்பு உடனே ஒத்துழைப்பை நிறுத்தியது. ஆய்வாளருக்கு எந்தக் கேள்வியையும் கேட்கும் சுதந்திரம் உண்டு. அதே நேரம், நபியே சந்தேகம் என்பவரிடம் படித்தவரை மகளுக்கு மத ஆசிரியராக அனுப்ப எந்த முஸ்லிம் பெற்றோர் சம்மதிப்பார்? காலிஷ் பின்னர் இஸ்லாத்திலிருந்தே விலகினார்.

அவருக்குப் பிறகு 2010-ல் வந்த முஹன்னத் கோர்ஷிதே, இறைவனின் கருணையை மையமாக வைத்து இஸ்லாத்தை விளக்கியவர். அவரையும் அந்தக் கூட்டமைப்பு 2013-ல் கடுமையாக விமர்சித்தது. ஆனால் அவர் பதவியில் தொடர்ந்தார்.

பெர்லின்: இருவரும் ஒரே கூரையின் கீழ்

பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகம் ஒரு படி மேலே போனது. 2019 குளிர்கால செமஸ்டரில் அங்கே தொடங்கிய இஸ்லாமிய இறையியல் கழகத்தில் சன்னி, ஷியா இரண்டு மரபுகளும் ஒரே கழகத்துக்குள். ஆலோசனைக் குழுவிலும் ஷியா அமைப்புகளின் கூட்டமைப்புக்கு இடம் கொடுத்தார்கள். அலிகர் பிரித்து வைத்ததை பெர்லின் சேர்த்து வைத்தது.

ஆனால் சேர்த்தபோது வேறு சிலர் வெளியே போனார்கள். துருக்கி அரசின் மத நிர்வாகத்தோடு தொடர்புடைய பெரிய மசூதிச் சங்கமான திதிப் இதில் சேரவில்லை. இன்னொரு சங்கமும் சேரவில்லை. மறுபக்கம் மாணவர் பிரதிநிதிகள் எதிர்த்தார்கள்: குழுவில் இருப்பது பழமைவாதச் சங்கங்கள் மட்டும்தான், தாராளவாத முஸ்லிம்களுக்கு ஏன் இடம் இல்லை என்று கேட்டார்கள். சங்கங்களுக்கு இது போதவில்லை. மாணவர்களுக்கு இது அதிகம்.

இந்த விவாதத்தில் இருக்கும் நிஜமான கேள்வி வேலை. நான்கைந்து வருடம் படித்து வெளியே வரும் பட்டதாரியை எந்த மசூதி இமாமாக ஏற்கும்? மசூதிகள் சங்கங்களிடம் இருக்கின்றன. சங்கம் ஏற்காத பட்டம், மசூதி வாசலில் வெறும் காகிதம். பள்ளி ஆசிரியர் வேலை, சமூகப்பணி போன்ற வழிகள் உண்டு என்றாலும், ‘யார் முடிவு செய்வது’ என்ற கேள்விக்கு மாணவர் தன் எதிர்காலத்தையே விலையாகக் கொடுக்க வேண்டி வரலாம்.

பக்கத்து நாடான ஆஸ்திரியா சட்டத்திலேயே இதை எழுதிவிட்டது. 2015-ல் வந்த இஸ்லாம் சட்டம், வியன்னா பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய இறையியலுக்கு ஆறு ஆசிரியர் பணியிடங்கள் வரை ஒதுக்கச் சொன்னது. அதே சட்டம் அலவி சமூகத்தையும் தனி மத அமைப்பாக நடத்துகிறது. துருக்கியிலிருந்து வந்த அலவிகள் மசூதிக்குப் பதிலாக ஜெம் எனும் கூடுகையில், ஆணும் பெண்ணும் சேர்ந்து, இசையோடு வழிபடுபவர்கள். தாங்கள் இஸ்லாத்துக்குள் இருக்கிறோமா, வெளியே தனி மரபா என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. இறையியல் துறைக்கு எத்தனை கதவு வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு முடிவே இல்லை என்பதை அவர்கள் காட்டுகிறார்கள்.

இந்தோனேசியா: கட்டாயம், ஆனால் பல கேம்பஸ்

உலகில் மிக அதிகமாக முஸ்லிம்கள் வாழும் நாடுகளில் ஒன்றான இந்தோனேசியாவில் மதப் பாடம் பல்கலைக்கழகத்திலும் கட்டாயம். 2012-ம் ஆண்டு உயர்கல்விச் சட்டப்படி இன்ஜினீயரிங் மாணவரானாலும் மருத்துவ மாணவரானாலும் அவரவர் மதத்தைப் படித்தாக வேண்டும்.

அங்கே முஸ்லிம்கள் பெரும்பாலும் சன்னிகள். ஆனால் நஹ்லத்துல் உலமா, முஹம்மதியா என்ற இரண்டு மாபெரும் அமைப்புகள் உண்டு. முதலாவது ஷாஃபி மரபையும் மௌலிது போன்ற வழக்கங்களையும் காப்பது. இரண்டாவது சீர்திருத்த அமைப்பு. சுபுஹு தொழுகையில் குனூத் ஓதுவதா, தராவீஹ் எத்தனை ரக்அத், ரமலான் பிறையைக் கணக்கிட்டுச் சொல்வதா கண்ணால் பார்த்துச் சொல்வதா என்று இரண்டுக்கும் வேறுபாடு. தமிழ்நாட்டில் நடக்கும் அதே விவாதங்கள்!

அரசுப் பல்கலைக்கழகத்தில் இரு தரப்புப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில். அதோடு இரண்டு அமைப்புகளும் சொந்தமாகப் பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன. தங்கள் மரபைத் தனிப் பாடமாகவே வைக்கின்றன. முஹம்மதியா பல்கலைக்கழகத்தில் சேரும் நஹ்லத்துல் உலமா குடும்பத்துப் பிள்ளையும் முஹம்மதியா பாடத்தைப் படிக்கிறார். முன்கூட்டியே தெரிந்துதான் சேர்கிறார் என்பதால் இதில் ஒரு நேர்மை இருக்கிறது. பாடத்தின் பெயரிலேயே மரபின் பெயர் இருக்கிறது; ‘இதுதான் இஸ்லாம், வேறில்லை’ என்று சொல்லவில்லை.

அப்படியென்றால் எது சரி?

மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

தனித்தனி வகுப்பு: சிறுபான்மை மரபுக்குப் பாதுகாப்பு. ஷியா மாணவர் தன் பாடத்தைத் தன் ஆலிமிடம் படிக்கலாம். விலை என்னவென்றால், பக்கத்து அறையில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது தெரியாமலேயே பட்டம் வாங்கிவிடலாம்.

ஒரே வகுப்பு: ஒருவரை ஒருவர் அறிய வாய்ப்பு. விலை, சிலபஸ் எழுதும் மேசையில் யாருக்கு நாற்காலி கிடைக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

மரபுக்கு ஒரு கேம்பஸ்: ஒளிவு மறைவு இல்லாத ஏற்பாடு. விலை, பணமும் ஆள்பலமும் உள்ள பெரிய மரபுகளால் மட்டுமே இது முடியும். சிறிய மரபு எங்கே போவது?

மத உலகத்துக்குள்ளிருந்தே இதற்கு உதவும் முன்மாதிரிகள் உண்டு. 1959-ல் கெய்ரோ அல்-அஸ்ஹரின் தலைவராக இருந்த மஹ்மூத் ஷல்தூத், ஷியா ஜஃபரி மத்ஹபைப் பின்பற்றுவது செல்லும் என்று ஃபத்வா கொடுத்தார். 2005-ல் ஜோர்டானில் கூடிய பல நாட்டு ஆலிம்கள், சன்னிகளின் நான்கு மத்ஹப்களோடு ஜஃபரி, ஜைதி, இபாதி, ளாஹிரி ஆகியவற்றையும் சேர்த்து எட்டு மத்ஹப்களை அங்கீகரித்தார்கள். இந்த எட்டில் எதைப் பின்பற்றுபவரையும் காஃபிர் என்று சொல்லக் கூடாது என்றார்கள். ஆனால் இந்த அறிவிப்புகள் மாநாட்டு மேடையில் நின்றுவிட்டால் பயன் இல்லை. முதலாண்டு சிலபஸுக்குள் ஒரு யூனிட்டாக வர வேண்டும்.

அதற்கு யாரும் தன் மரபை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அலிகர் போன்ற இடங்களில் இரண்டு துறையும் அப்படியே இருக்கட்டும். கூடவே இரு தரப்பு மாணவர்களும் சேர்ந்து உட்காரும் ஒரு பேப்பர் இருக்கலாம். அதில் ‘எது சரி’ என்பது கேள்வியாக இருக்காது. ‘அவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள்’ என்பதுதான் கேள்வி. இது போதனை இல்லை, மதத்தைப் பற்றிய கல்வி. உச்ச நீதிமன்றம் 2002-ல் காட்டிய அந்த வித்தியாசம் இங்கே கைகொடுக்கும்.

அதோடு, எந்தப் பாடமானாலும் அது எந்த மரபின் பார்வையில் எழுதப்பட்டது என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ‘இஸ்லாம் சொல்கிறது’ என்று எழுதும் இடத்தில் ‘ஹனஃபி சட்டம் சொல்கிறது’, ‘ஜஃபரி சட்டம் சொல்கிறது’ என்று எழுதினால் போதும். செலவு இல்லாத திருத்தம். கீழக்கரை மாணவிக்கும் அப்போது தெரியும்: தன் வீட்டு வழக்கம் தவறு இல்லை, இந்தப் புத்தகத்தின் எல்லைக்கு வெளியே இருக்கிறது, அவ்வளவுதான்.

மீண்டும் அந்த 20 லட்சம் ரூபாய்க் கணக்குக்கு வருவோம். 10 லட்சம் என்று எழுதிய மாணவருக்கும் மார்க் உண்டு. 20 லட்சம் என்று எழுதியவருக்கும் மார்க் உண்டு. ஆனால் இருவரும் நாளை வக்கீலாகவோ ஆசிரியராகவோ ஜமாஅத் நிர்வாகியாகவோ வரப்போகிறவர்கள். சொத்துத் தகராறோடு ஒரு மகள் அவர்கள் முன்னால் வந்து நின்றால், ‘உங்கள் குடும்பம் எந்த மரபு?’ என்று முதலில் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டால், பாதிச் சொத்து கைமாறிப் போய்விடும். இரண்டு விடையையும், அவற்றுக்கான காரணத்தையும் எழுதத் தெரிந்தவருக்கு முழு மார்க் கொடுக்கும் தேர்வுத்தாள்தான் அதற்கு அவர்களைத் தயார்செய்யும்.